நாய் கடித்தால் முதல் வைத்தியம் குழாயடியில்தான்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாய்க்கடியோடு வருபவர்களின் காயத்தில் பல நேரம் ஏதாவது ஒன்று அப்பியிருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், சில சமயம் மிளகாய்த்தூள்கூட. அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் குழந்தை துடித்துப் போகிறது. எதையும் அப்பாமல் வருபவர்களிடம் "காயத்தைக் கழுவினீர்களா?" என்று கேட்டால், "ஊசிக்கு நேரமாகிவிடுமே என்று அப்படியே தூக்கிக்கொண்டு வந்தோம்" என்கிறார்கள். அவர்களின் பதற்றம் புரிகிறது. ஆனால் ஊசிக்கும் முந்திய வைத்தியம் வீட்டுக் குழாயடியிலேயே இருக்கிறது.

ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி, நாயின் எச்சில் வழியாகக் காயத்துக்குள் இறங்குகிறது. அது இரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அதன் மேலுறையில் கொழுப்பு இருப்பதால் சோப்பு பட்டால் சிதைந்துவிடும். எனவே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். துணி துவைக்கும் சோப்பானாலும் பரவாயில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். வலியில் அழும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நிமிடமே கால் மணி நேரமாகத் தோன்றும். காயத்தை இறுகக் கட்ட வேண்டாம். தையல் போடும்படி கேட்கவும் வேண்டாம்.

கழுவிய கையோடு புறப்பட்டு வாருங்கள். "இரத்தமே வரவில்லை, நகம்தான் பட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தோல் கீறியிருந்தால் ஊசி தேவை. கடித்தது குட்டியானாலும், பூனையானாலும், நாம் சோறு போட்டு வளர்த்த நாயானாலும் அப்படித்தான். டி.டி. ஊசி போட்டாகிவிட்டது, போதும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அந்த ஊசி தடுப்பது வில்வாத ஜன்னியை. ரேபிஸுக்கு அது காப்பு ஆகாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது தோள்பட்டையில்தான் போடுகிறோம். தோலுக்குள் செலுத்தும் முறையில், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது. மீனும் முட்டையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அந்த 28ஆம் நாள். அதற்குள் காயம் ஆறி, தழும்பும் மங்கியிருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எதற்குப் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் கடித்து ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள்தான் தலைகாட்டுகிறது. தண்ணீரைக் கண்டு தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டால், எந்த மருத்துவராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஊசி அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

கடி ஆழமாக இருந்தால், முகம், கழுத்து, விரல்களில் பட்டிருந்தால், தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காப்பதற்காகக் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்துகிறோம். இது எல்லா இடத்திலும் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், தயவுசெய்து அன்றே போங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தெருவில் நாயைச் சீண்டியதற்கு அடி விழும் என்று பயந்து, பிள்ளைகள் பல்பட்ட இடத்தைச் சட்டைக்குள் மறைத்துவிடுகிறார்கள். "நாய் கடித்தால் உடனே சொல், திட்ட மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். சில நாட்கள் கழித்துத் தெரிய வந்தாலும், மாதமே ஆகியிருந்தாலும், இனி என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். அறிகுறி தோன்றாதவரை ஊசி போடலாம். அழைத்து வாருங்கள்.