முன்னால் போகிற காரின் காற்று

1967 செப்டம்பர், இத்தாலியின் மோன்ஸா தடத்தில் ஃபார்முலா 1 கார் பந்தயம். கடைசிச் சுற்றின் கடைசி வளைவான பரபோலிகாவில் ஜாக் பிரபாம் உள்பக்கமாகப் புகுந்து ஜான் சர்ட்டீஸைத் தாண்டினார். ஆனால் கார் வழுக்கி வெளிப்பக்கம் அகன்றது. சர்ட்டீஸின் ஹோண்டா மறுபடி முன்னால் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது நேர்சாலை மட்டும்தான். பிரபாம் ஹோண்டாவின் வாலைப் பிடித்தபடி வந்து, ஒதுங்கி, பக்கத்தில் ஏறிக்கொண்டே இருந்தார். அதற்குள் முடிவுக் கோடு வந்துவிட்டது. வித்தியாசம் 0.2 நொடி.

அந்த சீசனைத்தான் 1998இல் வந்த ‘கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டு அப்படியே எடுத்துக்கொண்டது. டயல்-அப் மோடம் காலத்து விளையாட்டு. அதன் மோன்ஸாவில் இணையம் வழியே ஓட்டிய எவருக்கும் பிரபாமின் அந்தக் கடைசி சில நொடிகள் நன்றாகப் புரியும்.

பேருந்து ஒன்று வேகமாகக் கடந்து போனதும், சாலையோரத்துக் காகிதமும் சருகும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி காற்றைப் பிளந்து போகும்போது பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அங்கே இருக்கிற காற்றும் வண்டியோடு சேர்ந்து முன்னோக்கி இழுபடுகிறது. அந்த இடத்துக்குள் இன்னொரு கார் நுழைந்தால், அதன் மூக்கில் மோதும் காற்றின் வேகம் குறைவு. இதுதான் ஸ்லிப்ஸ்ட்ரீம். பின்னால் இருப்பவரை யாரோ உறிஞ்சி இழுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவரைத் தடுக்கிற கை கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு தளர்கிறது என்பதில்தான் சுவாரஸ்யம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் (மும்மடியில்) ஏறும். 1967இன் கார்களுக்கு ஏறத்தாழ 400 குதிரைத் திறன். மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் அது பெரும்பாலும் காற்றைத் தள்ளவே செலவாகிறது. தோராயமாக, 350 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்துகிறது. காரே ஓட்டுநர், எரிபொருள் சேர்த்து 600 கிலோவுக்குச் சற்று மேல்தான். சரி, முன்னால் போகிறவர் மறைப்பதால் தடை 10 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கனமூலக் கணக்குப்படி வேகம் மூன்றரை சதவீதம் ஏறும். அதாவது மணிக்கு 10 கி.மீ. நொடிக்கு 2.8 மீட்டர்.

தாண்டுவதற்கு மறைவை விட்டு வெளியே வரவேண்டும். வந்த கணமே முழுக் காற்றும் திரும்ப மோதும். உள்ளே சேர்த்து வைத்த 10 கி.மீ. மட்டும்தான் அப்போது கையிருப்பு; அதில் பாதி மூன்று நொடிகளில் கரைந்துவிடும். கரைவதற்குள் அது வாங்கித் தருவது, நான் போட்டுப் பார்த்த கணக்கில், எல்லாம் சேர்த்து 13 மீட்டர். மூன்று கார் நீளம். சீக்கிரம் ஒதுங்கினால் பக்கத்தில் வந்து நின்றுபோவீர்கள். தாமதித்தால் பிரபாமுக்கு ஆனதுதான். அதனால்தான் மோன்ஸாவின் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் பரபோலிகாவை விட்டு வெளியேற யாருக்கும் ஆசை இருக்காது. 1969இல் ஜாக்கி ஸ்டுவர்ட் இந்தத் தலைவலிக்கு வேறு வழி கண்டார்: பரபோலிகாவிலிருந்து கோடு வரை கியர் மாற்றவே தேவையில்லாதபடி பல்சக்கர விகிதத்தை அமைத்துக்கொண்டு வந்து, 0.08 நொடியில் ஜெயித்தார். 1971இல் பீட்டர் கெதின் ஜெயித்தது 0.01 நொடியில், முதல் ஐந்து பேரும் 0.61 நொடிக்குள் வந்தார்கள். அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 242.6 கி.மீ.; 2003 வரை ஃபார்முலா 1இல் அதை யாரும் முந்தவில்லை. அடுத்த வருடமே தடத்தில் வேகத்தைக் குறைக்கவைக்கும் சிகேன் வளைவுகளை வைத்து இந்தக் கூட்ட ஓட்டத்தை உடைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை.

1967 கார்களில், காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகிற இறக்கை கிடையாது. அது 1968இல்தான் வந்தது. இன்றைய கார் வளைவில் பிடிமானத்துக்குக் காற்றையே நம்புகிறது. முன்னால் போகிறவரின் கலங்கிய காற்றில் மாட்டினால் வழுக்கும். அந்தக் காலத்துக் காருக்கு டயர்தான் எல்லாம். வளைவிலும் ஒட்டிக்கொண்டே போகலாம்.

ஒட்டிக்கொண்டு போவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. 280இல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், 350 கிலோ காற்று பிரேக் போடுவதுபோல் பிடித்து இழுக்கும். முன்னால் இருப்பவருக்கு அது முழுசாகக் கிடைக்கிறது. பின்னால் இருப்பவருக்குக் குறைவாக. இருவரும் ஒரே இடத்தில் பிரேக்கை மிதித்தாலும் பின்னால் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக உருளுவார். மறைவில் வந்தால் வழக்கத்தைவிட முன்பே பிரேக் போடவேண்டும் என்பது எனக்கு உறைக்கப் பல கார்கள் செலவாயின. நல்லவேளை, கணினிக் கார்கள்.

அப்புறம் இணையம். என் காரை என் கணினி ஓட்டுகிறது, அவர் காரை அவர் கணினி. அவர் எங்கே இருக்கிறார் என்ற செய்தி எனக்கு வந்து சேர 0.2 நொடி ஆகிறது என்றால், அதற்குள் அவர் 15 மீட்டருக்கு மேல் போயிருப்பார். ஸ்லிப்ஸ்ட்ரீம் தருகிற மொத்த லாபமான 13 மீட்டரைவிட அது அதிகம். அப்படியே காட்டினால் பந்தயமே நடக்காது. ஆகவே கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்து, ‘இந்நேரம் இங்கேதான் இருப்பார்’ என்று கணினி ஊகித்து வரைகிறது. நேர்சாலையில் இந்த ஊகம் பிரமாதமாகப் பலிக்கும். அவர் பிரேக்கைத் தொட்டதும் பொய்யாகிவிடும்.

ஒருமுறை பரபோலிகாவுக்கு முன் ஒருவரின் பின்னால் ஒரு மீட்டர்கூட இல்லாத இடைவெளியில் வந்தேன். திரையில் அவர் கியர்பாக்ஸின் குழாய்களை எண்ணலாம். அவர் பிரேக் போட்டது எனக்குத் தெரிய 0.2 நொடி, என் கால் நகர இன்னொரு கால் நொடி. ஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான வேகக் குறைப்பு என்று வைத்தால், அந்த 0.45 நொடியில் நெருங்குகிற தூரம் சரியாக ஒரு மீட்டர். வேக வித்தியாசம் மணிக்கு 16 கி.மீ. அவர் கார் திரையில் ஒருமுறை துள்ளிப் பின்னால் குதித்தது. அடுத்த கணம் இருவரும் வைக்கோல் பொதிகளில். நான் இடித்ததாக அவர் சொன்னார். என் திரையில் அவர்தான் பின்னோக்கி வந்து என்மேல் ஏறினார். இரண்டும் உண்மை, அவரவர் கணினியில்.

இப்போது நேர் பின்னால் போவதில்லை. பிரேக் போடும் இடம் நெருங்கும்போது அரைக் கார் அகலம் ஒதுங்கிக்கொள்கிறேன். மறைவு பாதி போய்விடும். ஆனால் எதிரில் வெறும் சாலை தெரிகிறது.