கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல

கதவு பாதியில் நின்றால் போதும், "மோட்டார் பவர் பத்தல, பெருசா ஒண்ணு மாட்டிக் கொடுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எத்தனை முறைதான் சொல்வது? பல பலகைகளாக மடிந்து மேலேறும் கராஜ் கதவின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டார் அதை லேசாகத் தள்ளி, இழுத்துவிடும், அவ்வளவே. இரண்டு கார் அகலக் கதவு 60 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். மரக்கதவானால் 100 கிலோவும் தாண்டும். அதை ஒரு கையால் தூக்க முடிகிறதென்றால், அது ஸ்பிரிங்கின் உபயம்.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கும் கதவைத் தூக்கும் இரும்புக் கேபிளும் முழுசாக இருக்கின்றனவா என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு முழுக்க மூடியிருக்கும்போது மோட்டார் பக்கம் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் இடுப்பளவு தூக்குங்கள். அங்கேயே நின்றால் கதவு சரி. சரிந்து இறங்கினாலோ தானாக மேலே ஓடினாலோ ஸ்பிரிங்கின் முறுக்கு தப்பியிருக்கிறது. அதன் மேல் எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டினாலும் அதன் பற்சக்கரம்தான் தேயும். மேல் பலகை வளையும்.

முறுக்கு ஸ்பிரிங் கதவுக்கு மேலே ஒரு தண்டில் கோத்திருக்கும். 7 அடி உயரக் கதவுக்குச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கேற்றி வைத்திருப்போம். தண்டின் இரு முனையிலும் கேபிள் சுற்றிக்கொள்ளும் டிரம். அதிலிருந்து இறங்கும் கேபிள் அடிப்பலகையின் மூலையில் உள்ள பிராக்கெட்டில் முடியும். கதவு மூடியிருக்கும்போது அந்த முறுக்கின் இழுவிசை முழுவதும் இந்த இரண்டு பிராக்கெட்டுகளில்தான் நிற்கிறது. "ஆடுது, சும்மா டைட் பண்ணலாம்னு பார்த்தேன்" என்று தயவுசெய்து அங்கே ஸ்பேனரை வைக்காதீர்கள். போல்ட் கழன்றால் பிராக்கெட் கேபிளோடு மேல்நோக்கிப் பாயும். விரல் போகும், கண் போகும். பல தயாரிப்பாளர்கள் அந்தப் பிராக்கெட்டுக்கோ போல்ட்டுக்கோ சிவப்புச் சாயம் பூசுவது இதற்காகத்தான். முறுக்கேற்றுவதற்காக ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் கூம்பின் துளையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகித் திருகுவதும் இதே ரகம். அதற்கென்று துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. அவையும் பழகிய கையில்தான் இருக்க வேண்டும்.

சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை திறந்து மூடும் அளவுக்குச் செய்யப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடம்கூட முழுதாக வராது. உடையும்போது வெடிச்சத்தம் கேட்கும். சுருளில் இரண்டு விரல் அகல இடைவெளி தெரியும். பார்த்ததும் பட்டனைத் தொடாதீர்கள். கதவு மேலே நிற்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்தால் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது: மொத்த எடையும் ஒரேயடியாகக் கீழே வந்து விழும். கீழே யாரையும் போகவிடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயதுள்ள மற்றொன்றும் சீக்கிரம் போய்விடும்.

கீல்களைக் கழற்றினால் அவற்றில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரக் கீல்கள் கீழிருந்து 1, 2, 3 என்று ஏறும். எண் கூடக்கூட, பக்கவாட்டுப் பாதையில் ஓடும் உருளை கதவைவிட்டுத் தள்ளி நிற்கும். இடம் மாற்றி மாட்டினால் கதவு பாதையில் இறுகும். பழி வழக்கம்போல மோட்டார் மேல்.

எண்ணெய் கீலுக்கும், உருளையின் பேரிங்குக்கும், ஸ்பிரிங்குக்கும் மட்டும். உருளை ஓடும் பாதையில் ஊற்றினால் தூசிதான் சேரும். அங்கே துணியால் துடைத்தால் போதும். கேபிளின் அடிமுனையில், பிராக்கெட்டுக்குச் சற்று மேலே, ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றியாக வேண்டும். ஈரம் தங்கித் துரு முதலில் பிடிக்கும் இடம் அது.

வீட்டில் குழந்தை இருந்தால், பலகைகளின் இடுக்கில் விரல் வைத்துக் கதவை இழுக்கக் கூடாதென்று இன்றே சொல்லிவிடுங்கள். கதவு நிமிரும்போது அந்த இடுக்கு மூடிக்கொள்ளும். கைப்பிடி இல்லையென்றால் உள்ளேயும் வெளியேயும் ஒன்று மாட்டிவிடுங்கள்.