வெளிநாட்டு நிறுவனம் நிலம் தேடி வரும்போது முதலில் எதைப் பார்க்கிறது?

"பக்கத்திலேயே சிங்கப்பூர் கம்பெனி வரப்போகிறது, இப்போதே ஒரு மனை வாங்கிப் போடுங்கள்" என்ற தரகர் பேச்சை நம்பிச் சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பத்திரங்களோடு என்னிடம் வருகிறவர்கள் பலர். அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்காகச் சென்னைப் பகுதி நிலங்களின் உரிமை ஆவணங்களை ஆராய்ந்து சட்டக் கருத்து வழங்குவது என் தொழில். அந்த நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதை மனை வாங்குகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஊர் வளர்கிறதா என்பது அவர்களுடைய முதல் கேள்வி அல்ல. போட்ட பணத்தை எப்போது, எந்த வழியாகத் திரும்ப எடுத்துச் செல்ல முடியும் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். கட்டுமான மேம்பாட்டுத் துறையில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை இந்திய அரசு 2005இல் அனுமதித்தபோது, அசல் முதலீட்டை மூன்று ஆண்டுகள் வரை பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது. குறைந்தது இத்தனை பரப்பில் கட்ட வேண்டும் என்ற வரம்புகள் 2015இல் நீக்கப்பட்டன. ஆனால், வெறும் நிலத்தை வாங்கி வைத்து விலை ஏறியதும் விற்கும் தொழிலில் அந்நிய முதலீட்டுக்கு இன்றும் அனுமதி கிடையாது. ஆகவே, வயல்வெளியை வெளிநாட்டு நிறுவனம் வளைத்துப் போடுகிறது என்று யாராவது சொன்னால், அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

சிங்கப்பூரின் அசெண்டாஸ் நிறுவனத்தின் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெங்களூரு வைட்ஃபீல்டில் 1994இல் தொடங்கிய தொழில்நுட்பப் பூங்கா, டாடா குழுமத்தையும் கர்நாடக அரசையும் கூட்டாளிகளாகக் கொண்டே உருவானது. பழக்கமில்லாத ஊரில் தனியாக இறங்கவில்லை. பிறகு சென்னைத் தரமணிக்கு வந்தார்கள். 2007இல் இந்தியச் சொத்துகளைக் கொண்ட அறக்கட்டளையை (தர்ம அறக்கட்டளை அல்ல; வாடகைக் கட்டடங்களை வைத்திருந்து, அதில் பங்கு வாங்கியவர்களுக்கு வருமானத்தைப் பிரித்துத் தரும் முதலீட்டு அமைப்பு) சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டபோது, பங்குகளை விற்றுப் பணம் வெளியேறுவதற்கான வழியும் அமைந்துவிட்டது. இந்தியாவிலேயே அப்படியொரு வழி திறக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி 2014இல் விதிமுறைகள் வகுத்து, 2019 ஏப்ரலில் எம்பசி என்ற அதே வகை அறக்கட்டளை பட்டியலாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது நாணய மதிப்பு. 2007 நடுவில் 27 ரூபாயை ஒட்டியிருந்த சிங்கப்பூர் டாலர், 2022 முடிவில் 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதாவது, அந்தக் காலத்தில் இங்கே வாடகை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் அவர்கள் கணக்கில் அது பழைய வாடகைக்கே சமம். மூன்று ஆண்டுக்கு 15 சதவீதம் உயர்வு என்று நம் ஒப்பந்தங்களில் வழக்கமாக எழுதப்படும் ஷரத்து நமக்குத் தாராளமாகத் தோன்றும். அவர்களுக்கு அது போதுமானதாகத் தெரியாது.

இவையெல்லாம் சரியாக அமைந்த பிறகும், ஒரே ஒரு கையெழுத்து முழுத் திட்டத்தையும் நிறுத்திவிடும். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பதினோரு ஏக்கர் பூர்வீக நிலம் ஒன்றை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக ஆராய்ந்தபோது, பட்டாவும் வில்லங்கச் சான்றும் குறையில்லாமல் இருந்தன. மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாக வாசித்து வந்தேன். 1991ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையில் மூன்று அண்ணன் தம்பிகளின் கையெழுத்து இருந்தது, தங்கையின் பெயரே இல்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு உண்டு. அந்த அம்மாவுக்குத் திருமணம் நடந்தது 1993இல். "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே சார்" என்றார் மூத்தவர். சீதனம் கொடுத்தது பங்கைத் தீர்க்காது என்று அவருக்கு விளக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

தங்கைக்குரிய தொகையைப் பேசித் தீர்த்து, அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவுசெய்ய ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் அந்த நிறுவனம் தனக்கு ஒதுக்கப்பட்ட பணத்தை வேறு நகரத்தில் போட்டுவிட்டது. அந்தப் பதினோரு ஏக்கரைச் சுற்றி, அதே நிறுவனத்தின் பெயரைச் சொல்லி விற்ற மனைகளை வாங்கியவர்களில் நான்கு பேர் இப்போது என் கட்சிக்காரர்கள்.