அயனோகிராம் எண்களை எடுத்தாளும் முன்

வளிமண்டலத்தின் மேற்பகுதியில் எலக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்துள்ள அயனி மண்டலத்தை நோக்கிச் செங்குத்தாக வானொலித் துடிப்புகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கருவியே அயனோசோண்ட். ஏறத்தாழ 1 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய உயரத்தைக் குறித்தால் கிடைப்பது அயனோகிராம். 1925-இல் கிரிகோரி பிரெய்ட், மெர்ல் டூவ் ஆகிய இருவரும் செய்துகாட்டிய துடிப்பு முறையே இதற்கு அடிப்படை. இப்போது பல நிலையங்களில் மென்பொருளே வரைபடத்தைப் படித்து எண்களைத் தந்துவிடுவதால், வரைபடத்தைப் பாராமலே எண்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் பெருகிவருகிறது. இது கவலைக்குரியது.

துடிப்பு 2 மில்லிவிநாடியில் திரும்பினால் வரைபடம் 300 கிலோமீட்டர் என்று காட்டும். அது மாய உயரம். உண்மை உயரம் அதைவிடக் குறைவு. எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதியில் துடிப்பின் வேகம் குறைகிறது. கணக்கோ ஒளியின் வேகத்தை வைத்தே போடப்படுகிறது. ஓர் அடுக்கு திருப்பியனுப்பக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண்ணான மாறுநிலை அதிர்வெண்ணை நெருங்கும் இடத்தில் கோடு செங்குத்தாக ஏறுவதும் இந்தத் தாமதத்தால்தான்.

இதைவிடப் பெரிய பிழை வேறோர் இடத்தில் நேர்கிறது. புவிக்காந்தப் புலம் எதிரொலியை இரண்டாகப் பிரிப்பதால், ஏறக்குறைய ஒரே வடிவில் இரு கோடுகள் அருகருகே விழும். எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட இடப்பக்கக் கோடே வேண்டும். அது மங்கலாக இருக்கும்போது மென்பொருள் வலப்பக்கக் கோட்டைப் பற்றிக்கொள்வதுண்டு. 5 மெகாஹெர்ட்ஸ் என்று படிக்க வேண்டிய மாறுநிலை அதிர்வெண்ணை 5.7 என்று படித்தால், அடர்த்தி அதிர்வெண்ணின் இருமடியைச் சார்ந்தது என்பதால், விடை 30 விழுக்காடு கூடிவிடும். அதுபோலவே, அயனி மண்டலத்தில் கீழிருந்து மேலாக டி, ஈ, எஃப் என அமைந்த பகுதிகளில், 110 கிலோமீட்டரில் உள்ள ஈ அடுக்குக்கும் தரைக்கும் இடையே இருமுறை சென்றுவந்த துடிப்பு 220 கிலோமீட்டரில் இன்னோர் அடுக்கு இருப்பதுபோல் தோற்றம் தரும்.

எதிரொலியே வராத நேரங்களையும் கவனிக்க வேண்டும். சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் கீழேயுள்ள டி பகுதியில் எலக்ட்ரான்களைப் பெருக்கும்போது, அலை அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மேலுள்ள எஃப் அடுக்கு அப்போதும் இருக்கவே செய்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்டவே பதிவுகளில் எழுத்துக் குறிகள் இடப்படுகின்றன: கீழடுக்கு மறைத்தால் ஏ, உறிஞ்சப்பட்டால் பி, கருவிக் கோளாறு போன்ற புறக் காரணமெனில் சி, எதிரொலி சிதறிப் பரவினால் எஃப். தரவைச் சுத்தம் செய்வதாக எண்ணி இக்குறிகளை முதலிலேயே நீக்கிவிடுபவர்களுக்கு, சூரிய வெடிப்பு நிகழ்ந்த நேரமும் கருவி பழுதான நேரமும் ஒரே வெற்றுக் கட்டமாகத்தான் தெரியும்.