வால்வுக்குப் பலூன் செய்தவர்கள் பெனிசிலின் ஊசியை நிறுத்தலாமா?

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே சுருங்கிப்போன மைட்ரல் வால்வைப் பலூனால் திறந்து, மூச்சு சீராகி வீட்டுக்குப் போனவர்கள் சில வருடத்தில் மறுபடியும் இளைக்க இளைக்கக் கிளினிக்குக்கு வருகிறார்கள். கார்டைப் புரட்டினால் பெனிசிலின் ஊசிக்குரிய கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். கேட்டால், "பலூன் வச்சாச்சுத்தானே டொக்டர், பிறகென்னத்துக்கு ஊசி?"

பலூன் உள்ளே இல்லை. ஸ்டென்டும் இல்லை. இரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் அங்கேயே தங்கும்; வால்வில் எதுவும் தங்காது. தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் வாதக்காய்ச்சலால் ஒட்டிப்போன இரண்டு இதழ்களின் ஓரங்களைச் சில விநாடி ஊதிப் பிரித்துவிட்டு, பலூனை வெளியே எடுத்துவிடுகிறோம். வால்வு அதே வால்வுதான். வாதக்காய்ச்சல் மறுபடி வந்தால் அது மேலும் கெடும். அதைத் தடுக்கத்தான் ஊசி. ஊசி ஒழுங்காகப் போட்டாலும் காலப்போக்கில் சுருங்கலாம். போடாவிட்டால் அந்தக் காலத்தை நீங்களே குறைக்கிறீர்கள்.

அடுத்த கேள்வி, ஒற்றைப் பலூனா இரட்டைப் பலூனா என்பது. ஜப்பானின் கஞ்சி இனோவே 1984இல் அறிமுகப்படுத்திய ஒற்றைப் பலூன்தான் இன்று பெரும்பாலும் கையாளப்படுகிறது. முன்பாதி முதலில் ஊதும், அதை வால்வுக்கு எதிராக இழுத்ததும் பின்பாதி ஊதும். உடுக்கைபோல வால்வைப் பிடித்துக்கொண்டு கடைசியில் இடுப்பு விரியும். இரட்டை முறையில் இரண்டு கம்பிகள் இடது கீழறையின் நுனிவரை போகவேண்டும். அங்கே சுவரில் துளை விழும் ஆபத்து கூட. வால்வு திறக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

முறையை விடப் பலூனின் அளவுதான் முக்கியம். உயரத்தை (செ.மீ.) பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் உச்ச அளவு மில்லிமீற்றரில் வரும்: 160 செ.மீ. உயரத்துக்கு 26. முதலில் அதற்கு 2 மி.மீ. குறைவாக, வால்வு தடித்திருந்தால் இன்னும் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் எக்கோவில் (இதய ஸ்கானில்) வால்வின் கசிவு பார்த்தே கூட்டுகிறோம். கசிவு கூடினால் அதோடு நிறுத்தம். "இன்னும் கொஞ்சம் திறந்திருக்கலாமே" என்று கோபிக்காதீர்கள். இதழ் கிழிந்தால் அவசர சத்திரசிகிச்சைதான். இரு ஓரமும் சுண்ணாம்பேறிய வால்வுக்கு எந்தப் பலூனும் சரிவராது.

கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் செய்தது பல வருடம் நன்றாக இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் அது பிறவியிலேயே சுருங்கிய நுரையீரல் வால்வு. கதை வேறு. முதியவர்களின் அயோர்ட்டிக் வால்வோ பலூன் செய்தாலும் அநேகமாக 6 முதல் 12 மாதத்தில் பழையபடி சுருங்கும்.

பலூனுக்கு முன்னதாக உணவுக்குழாய்வழி எக்கோ எடுக்கப் பயந்து தட்டிக்கழிக்க வேண்டாம். இடது மேலறையில் இரத்தக்கட்டி இருக்கையில் பலூன் செய்தால் அது மூளைக்குப் போகும். கட்டி இருந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்து, கரைந்தபின் செய்யலாம். இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்கள் "புது மருந்து நல்லது" என்று யாரோ சொன்னதற்காக வார்ஃபரினை மாற்றாதீர்கள். மைட்ரல் சுருக்கத்துக்கு வார்ஃபரின்தான். பெண்கள் கலியாணத்துக்கு முன்னரே, கர்ப்பம் தரிக்குமுன் கட்டாயம் வந்து கேளுங்கள்.

ஊசி பென்சதீன் பெனிசிலின் 12 இலட்சம் யூனிற், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, வால்வு பாதித்தவர்களுக்குக் குறைந்தது 40 வயதுவரை. வலிக்கும்தான், மருந்தை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து மெதுவாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் முதலே சொல்லுங்கள், மாற்று மாத்திரை உண்டு. விட்டுப்போயிருந்தால் ஏச்சு விழுமென்று ஒளிக்காமல் கார்டோடு வாருங்கள். ஏசுவோம்தான், ஊசியையும் போட்டு அனுப்புவோம்.