பல்லின் உள்ளும் புறமும்

'த', 'ல', 'ட', 'க' என்னும் நான்கு எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், வாயின் மேற்கூரை முழுவதையும் நாக்கு முன்னிருந்து பின்னாக ஒருமுறை தொட்டு வந்துவிடும். 'த' சொல்லும்போது நாவின் நுனி மேல் வெட்டுப்பற்களின் பின்புறத்தில் படுகிறது. 'ல' சொல்லும்போது சற்று மேலே, பல்வேர்களைத் தாங்கும் எலும்பு புடைத்து நிற்கும் மேட்டில் ஒற்றுகிறது. 'ட' என்றால் பின்னோக்கி வளைந்து, உள்ளே எலும்புள்ள வன்அண்ணத்தைத் தொடுகிறது. 'க' என்றால் நாவின் பின்பகுதி எழும்பி, எலும்பின்றித் தசையால் ஆன மென்அண்ணத்தோடு சேர்கிறது. மென்அண்ணத்தின் கடைசி விளிம்பில் தொங்கும் சிறு சதையே உள்நாக்கு. நாம் விழுங்கும்போது மென்அண்ணம் மேலெழுந்து மூக்கின் பக்கம் செல்லும் வழியை அடைத்துக்கொள்வதால்தான் உணவு மூக்கில் ஏறாமல் தொண்டைக்குள் இறங்குகிறது.

கன்னத்தின் உட்புறத்தில், மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேரே நாக்கு நுனியால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படலாம். காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறது. தாடைக்குக் கீழே ஓர் இணையும் நாவுக்கு அடியில் ஓர் இணையுமாக இன்னும் இரண்டு இணைப் பெரிய சுரப்பிகள் உள்ளன. இவையும் வாயெங்கும் சிதறியிருக்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன.

பல்லில் வெளியே தெரியும் பகுதிக்கு முடி என்றும், தாடையெலும்புக்குள் புதைந்திருக்கும் பகுதிக்கு வேர் என்றும், இரண்டும் சேரும் இடத்திற்குக் கழுத்து என்றும் பெயர். முடியைப் போர்த்தியிருப்பது எனாமல். எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமமாக உள்ள இதுவே உடலின் மிகக் கடினமான பொருள். ஆனால் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு: இதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், உடைந்துபோன எனாமலை உடல் மீண்டும் கட்டித் தருவதில்லை. எனாமலுக்கு உட்புறத்தில், இளமஞ்சள் நிறத்தில், பல்லின் பெரும்பகுதியாக அமைந்திருப்பது டென்டின். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழல்கள் இதனூடே ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில், இரத்த நாளங்களும் நரம்புகளும் நிறைந்த மென்திசுவான பற்கூழ் இருக்கிறது. பல்வலியின் வகைகளை இந்த அடுக்குகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த இடத்தின் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் கனிமம் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஓரளவு திருப்பித் தருகிறது. கரைவது மிகுந்து மீள்வது குறைந்தால் சொத்தை விழுகிறது. எனாமலில் நரம்பு இல்லாததால் சொத்தை அந்த அடுக்கோடு நிற்கும்வரை வலி தெரியாது. டென்டின் திறந்துவிட்டால், குளிர்ந்த நீர் பட்டவுடன் நுண்குழல்களுக்குள் உள்ள திரவம் அசைந்து, உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டி, சுரீரென்று கூசச் செய்கிறது. பற்கூழையே சொத்தை எட்டிவிட்டால் கதை வேறு. அழற்சியால் வீங்க முற்படும் திசுவுக்கு, நாற்புறமும் கெட்டியான சுவர்களுக்குள் விரிய இடமில்லை. விண்விண்ணென்று தெறித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி அப்படித்தான் வருகிறது. ரூட் கேனல் சிகிச்சையில் மருத்துவர் அகற்றுவது இந்தப் பற்கூழைத்தான்.

பல்லின் அமைப்பில் பலரும் அறியாததும், என்னை மிகவும் வியக்க வைப்பதும் ஒன்று உண்டு. சுவரில் அறைந்த ஆணியைப்போலப் பல் எலும்பில் நேரடியாக இறுகி இருக்கவில்லை. வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் என்னும் மெல்லிய அடுக்குக்கும் எலும்புக்கும் இடையே, சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள இடைவெளியில், எண்ணற்ற நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பல்லைத் தொட்டில்போலத் தாங்குகின்றன. பற்களுக்கு இடையே ஒரு தலைமுடி சிக்கினாலும் நமக்கு உடனே தெரிகிறதல்லவா? நரம்பில்லாத எனாமல் அதை உணர முடியாது. பல் மிக நுட்பமாக அசைவதை இந்த நார்த்திசுவில் உள்ள நரம்பு முனைகளே உணர்ந்து சொல்கின்றன. இழந்த பல்லுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டு எலும்போடு நேரடியாகப் பிணையும் செயற்கை இம்பிளான்ட்டில் இத்திசு இல்லாததால், அந்த நுண்ணுணர்வும் அதே அளவுக்கு இருப்பதில்லை. கம்பி கட்டிப் பல்லை நகர்த்த முடிவதற்கும் இதுவே காரணம்: அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடுகிறது, இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. அடிபட்டு நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால் பல்லின் முடிப்பகுதியைப் பிடித்தே எடுக்க வேண்டும், வேரைத் தேய்க்கக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும், வேரில் ஒட்டியிருக்கும் இத்திசுவின் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல்லைத் திரும்பப் பொருத்துவது பலன் தரும் என்பதற்காகவே. அச்செல்கள் காய்ந்துவிடாதிருக்கப் பல்லைப் பாலில் இட்டு விரைவாக மருத்துவரிடம் கொண்டு செல்லலாம்.

நிலைப்பற்கள் 32. வெட்டுப்பற்கள் 8, கோரைப்பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, ஞானப்பற்கள் நான்கையும் சேர்த்துக் கடைவாய்ப் பற்கள் 12. ஞானப்பல் சிலருக்கு முளைப்பதே இல்லை. பால்பற்கள் 20 மட்டுமே.

மருத்துவச் சீட்டில் '36' என்று எழுதியிருந்தால் முப்பத்தாறாவது பல் என்று பொருளில்லை; அதை மூன்று, ஆறு என்று பிரித்துப் படிக்க வேண்டும். நோயாளியின் வலது மேற்பகுதி 1, இடது மேற்பகுதி 2, இடது கீழ்ப்பகுதி 3, வலது கீழ்ப்பகுதி 4 என்று வாயை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை எண்ணுகிறார்கள். பால்பற்கள் உள்ள பகுதிகளுக்கு இதே வரிசையில் 5 முதல் 8 வரை எண்கள். ஆகவே 36 என்பது இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். இதுவும் இதன் துணைகளான 16, 26, 46 ஆகியவையும் சுமார் ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் முளைக்கின்றன. பல் விழுந்து முளைக்காததால் பெற்றோர் பலர் இவற்றையும் பால்பற்கள் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் எப்படியும் விழப்போகும் பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இவை நிலைப்பற்கள். இவற்றுக்குப் பதிலாக முளைக்க அடியில் வேறு பல் எதுவும் காத்திருக்கவில்லை.