அடைசல் ஒழித்தல்: ஒரு சொல் விளக்கம்

"இந்த வாரம் வீட்டை டிக்ளட்டர் பண்ணணும்." சிங்கப்பூரில் தமிழ் பேசும் வீடுகளில், தீபாவளி நெருங்கும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. கூடவே "கொஞ்சம் மைண்ட்ஃபுல்லா இருக்கணும்" என்பதும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மனநலப் பேச்சில் இவை இரண்டும் சேர்ந்தே திரிகின்றன. இவற்றுக்குப் புதிதாகச் சொல் உருவாக்க வேண்டிய தேவை இல்லை, இருப்பதை எடுத்துப் புழங்கினாலே போதும் என்பது என் கருத்து.

முதலில் கிளட்டர். கட்டியாக உறைவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் இது. இரத்தம் உறைவதைச் சொல்லும் 'கிளாட்' இதற்கு நெருங்கிய உறவு. குவிந்து கிடப்பது, தாறுமாறாகக் கிடப்பது என்ற பொருள்கள் பிறகு வந்தன. அதை நீக்குவதைச் சொல்லும் டிக்ளட்டர் 20ஆம் நூற்றாண்டில் பிறந்த சொல்தான். தமிழில் கிளட்டருக்கு நேர் நிற்பது அடைசல். "வீடெல்லாம் ஒரே அடைசலா கெடக்கு" என்று நம் பாட்டிமார் சொன்னதுதான். 'அடை' என்ற அதே வேரிலிருந்துதான் அடைப்பும் வருகிறது. இரத்தக் குழாயில் ஏற்படுவதும் அடைப்புதானே. இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அடைசலை நீக்குவதற்கு 'ஒழுங்குபடுத்துதல்' என்று எழுதுகிறார்கள். அது போதாது. இருபது டப்பாக்களை வரிசையாக அடுக்கினாலும் இருபதும் வீட்டில்தான் இருக்கும். 'கழித்தல்' பரவாயில்லை. போகிக்கு எல்லோரும் சொல்லும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" நினைவுக்கு வரும். அந்த வரி நன்னூல் சூத்திரம். அது பேசுவது வீட்டுச் சாமானைப் பற்றி இல்லை, காலப்போக்கில் மொழியில் பழையவை வழக்கொழிந்து புதியவை வருவதைப் பற்றி.

நான் பரிந்துரைப்பது 'ஒழித்தல்'. இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் கொசு ஒழிப்பும் ஊழல் ஒழிப்பும்தான் மனதில் வரும். ஆனால் "அந்தப் பாத்திரத்தை ஒழிச்சுக் குடு", "மாமா வர்றாரு, அறையை ஒழிச்சு வை" என்று வீட்டில் சொல்லும்போது யாரும் எதையும் அழிப்பதில்லை. உள்ளே இருப்பதை எடுத்து, இடத்தைக் காலியாக்குகிறோம். அவ்வளவுதான். இதே வேரிலிருந்துதான் ஒழிச்சலும் வருகிறது. "ஓய்வு ஒழிச்சல் இல்லாம ஓடுறேன்" என்கிறோமே, அந்த ஒழிச்சல். கை சும்மா இருக்கும் வேளைக்கு 'ஒழிந்த நேரம்' என்று பேர். இடம் காலியாவதும் மனிதனுக்கு அவகாசம் கிடைப்பதும் தமிழில் ஒரே வேர். வீட்டை ஒழித்தால் மனத்துக்கு ஒழிச்சல் கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊரில் அடைசல் சீக்கிரம் சேரும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இடம் அளவானது. 1990களின் பிற்பாதிக்குப் பிறகு வந்த வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டர் என்னும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை, நடைமுறையில் சாமான் அறை. பயணப் பெட்டிகள், எவர்சில்வர் அண்டா, பிள்ளையின் பழைய சைக்கிள் எல்லாம் அங்கேதான். அங்கே நிறைந்து வழிவது வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதைக்கு வரும். தீ மூண்டால் ஆட்கள் தப்பிக்க அங்கே குறைந்தது 1.2 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பழைய நாளிதழும் கெட்டுப்போன மின்விசிறியும் வாங்க வரும் காராங் குனிக்காரரை இங்கே எல்லோருக்கும் தெரியும். காராங் என்பது மலாய்ச் சொல்லான காருங்கின் திரிபு. மலாயில் காருங் என்றாலும் குனி என்றாலும் சாக்குதான். அந்தக் குனி நம் கோணிக்கு உறவு.

அடைசல் மனத்தை அழுத்துமா? 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்த 60 பேரிடம் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். அப்போது அவர்கள் பயன்படுத்திய சொற்களை எண்ணினார்கள். அடைசல், முடியாத வேலை என்ற ரீதியில் அதிகம் பேசிய பெண்களுக்கு, பொழுது சாயச்சாய இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்னும் மனஅழுத்தச் சுரப்பு அவ்வளவாக இறங்கவில்லை. எது எதற்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சமையலறை மேடையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இது புரியும்.

சரி, மைண்ட்ஃபுல்னஸ், அதாவது செய்கிற காரியத்தில் அந்தக் கணத்தில் மனத்தை வைத்திருப்பது. பாலி மொழியின் 'சதி' என்ற பௌத்தச் சொல்லுக்குப் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் 1881இல் இந்த ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். சதி, சமஸ்கிருத ஸ்மிருதியின் பாலி வடிவம். அடிப்படைப் பொருள் நினைவு. 1979இல் ஜான் கபாட் ஸின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பயிற்சி வழியாக அது மருத்துவத்துக்குள் வந்தது. கணினி மொழிபெயர்ப்பில் சில நேரம் 'நினைவாற்றல்' என்று வந்துவிடுகிறது. அது பாடம் மனப்பாடம் செய்கிற திறமை, இங்கே பொருந்தாது. 'விழிப்புணர்வு' டெங்கி விளம்பரத்துக்குப் போய்விட்டது. குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை, அதாவது மறவாமை, அசட்டையாக இல்லாமை. 537ஆம் குறள் அதைப் 'பொச்சாவாக் கருவி' என்று ஒரு கருவியாகவே காண்கிறது. பொருள் கச்சிதம், ஆனால் இன்று வாயில் நுழையாது. எழுத்தில் முழுக்கவனம் என்றும், பேச்சில் "கருத்தா செய்" என்றும் சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

கருத்தாக ஒழிப்பது எப்படி இருக்கும்? ஒரே ஒரு இழுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் வாங்கியபோது வந்த மிளகாய்ச் சாஸ், பிரிக்காத சாப்ஸ்டிக், எந்தக் கைப்பேசிக்கு என்றே தெரியாத சார்ஜர். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சாஸ் பொட்டலம் நொடியில் போய்விடும். அடியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தால் கை நின்றுவிடும். நிற்கட்டும். அது அடைசல் இல்லை, திரும்ப வையுங்கள்.

இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். எதையுமே கழிக்க முடியாமல் தவிக்கும் நிலையை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தனி நோயாக ஏற்றது. தமிழில் அதைப் 'பதுக்கல்' என்று எழுத வேண்டாம். அது அரிசியை மறைத்து வைக்கும் வியாபாரியின் குற்றம். 'பொருள் குவிப்புக் கோளாறு' என்பது நியாயமான பெயர். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் வெளியே போன நேரம் பார்த்து அள்ளிக் குப்பையில் போடாதீர்கள். அவருடைய பயம் கூடும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். அவரை மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். பிறகு, எது போகலாம் என்பதை அவரே சொல்லட்டும்.